விலகல் வாரம்

மே 3, சனி

மழைநேசன் விலகிவிட்டார்.

அரைப்பக்கம் இணையக் குழுமத்தில் சனிக்கிழமைப் போட்டியை நடத்தியவர் அவர். காலையில் போட்டித் தலைப்பு வர வேண்டும். வந்தது விலகல் கடிதம். "என் பேனா இனி என் வீட்டு மேசையில் மட்டுமே உறங்கும்" என்று தொடங்கி இரண்டு பக்கம் எழுதியிருந்தார். எதுவும் அரைப் பக்கத்தைத் தாண்டக் கூடாது என்பது எங்கள் முதல் விதி. விலகுகிறவரிடம் போய் நீளத்தைக் குறையுங்கள் என்று எப்படிச் சொல்வது? உள்ளே விட்டுவிட்டேன்.

விடுவதும் விடாததும்தான் என் வேலை. உறுப்பினர்கள் அனுப்பும் கவிதை, ஓவியம், குட்டிக்கதை எல்லாம் முதலில் 'வாயில்' என்ற பெயரில் இருக்கும் என்னிடம் வரும். நான் திறந்தால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும். கல்லூரி முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தபோது சேர்ந்தேன். யாரிடமும் பேச வேண்டியதில்லை என்றார்கள். அது பிடித்திருந்தது. தன்னார்வலர்கள் சொந்தப் படைப்பை அனுப்பக் கூடாது என்றும் ஒரு விதி உண்டு. எனக்கு அதில் ஒரு குறையும் இல்லை.

வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்கும் அம்மா கிரைண்டரை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"என்ன அம்மிணி, மூஞ்சி ஒரு மாதிரியா இருக்குது?"

"ஒருத்தர் வேலைய உட்டுட்டாரும்மா."

"சம்பளம் பத்தலியாமா?"

"சம்பளமே கெடையாதும்மா."

"அப்பறம் என்னத்த உட்டாரு?"

மே 5

சாதாரணமாக ஒரு கவிதைக்கு இரண்டு மூன்று பின்னூட்டம் வரும். அதில் ஒன்று விழுப்புரம் ஆனந்தியின் "அருமை". மழைநேசனின் விலகலுக்கு இருநூறைத் தாண்டிவிட்டது. வழியனுப்பு வெண்பா எழுதியிருக்கிறார்கள். காலி நாற்காலி வரைந்திருக்கிறார்கள். ஒருவர் அழும் குரலை ஒலிப்பதிவு செய்து அனுப்பியிருந்தார். கேட்டுப் பார்த்துவிட்டு அனுமதித்தேன்.

நிறுவனர் அமுதோன் மஸ்கட்டில் கட்டட வேலைக் கணக்குப் பார்க்கிறார். அவருடைய முகம் எனக்குத் தெரியாது, குழுமத்தில் அவர் படம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரிய உதயம். தன்னார்வலர்களுக்கு எழுதியிருந்தார்: "குழுமம் செத்துவிட்டது என்று யார் சொன்னது?"

யாரும் சொல்லவில்லை.

மே 10, சனி

போட்டி நடக்கவில்லை. ஏன் என்று ஒருவரும் கேட்கவில்லை. மழைநேசன் மட்டும் நாள் முழுக்க இருந்தார். தன்னை வழியனுப்பிய ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக நன்றி சொல்லிக்கொண்டிருந்தார்.

மே 14

தொழில்நுட்பம் பார்த்த நிலாப்பித்தனும் விலகினார். அவருடைய கடிதம் சரியாக அரைப் பக்கம். மழைநேசன் பின்னூட்டம் போட்டார்: "வடிவம் நன்று. ஆனால் விலகலின் வலி போதவில்லை. எனது கடிதத்தின் கடைசிப் பத்தியை மீண்டும் படிக்கவும்." விலகலில் வலி முக்கியமா, சுருக்கம் முக்கியமா என்று இரண்டு கட்சி ஆகிவிட்டது.

இனி தன்னார்வலர்கள் அமுதோனும் நானும்தான். அமுதோன் செய்வது மகிழ்ச்சி அடைவது.

மே 17

மழைநேசன் திரும்பி வந்துவிட்டார். "உங்கள் கண்ணீர் என்னை அழைத்தது." பின்னூட்டம் ஆறே ஆறு. ஆனந்தி "அருமை".

மே 19

மழைநேசன் மீண்டும் விலகினார். முந்நூறு.

மே 24

வேலை கிடைத்துவிட்டது!

ஓசூர் பக்கத்தில் ஓர் அச்சகம். தேர்வு வினாத்தாள் அச்சடிக்கிறார்கள். மெய்ப்புப் பார்க்க ஆள் எடுத்திருக்கிறார்கள். ஜூலை முதல் தேதி உள்ளே போனால் மூன்று மாதம் வெளியே வர முடியாது. போன் கொண்டுபோகக் கூடாது. ஞாயிற்றுக்கிழமை அலுவலகத் தொலைபேசியில் வீட்டுக்கு மட்டும் பேசலாம். காவலர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

"செயிலாட்டம் இருக்குதே" என்றாள் அம்மா. "சோறு போடுவாங்களா?"

"போடுவாங்க."

"அப்ப செயிலுதான்."

அப்பா சத்தீஸ்கரில் போர்வெல் வண்டியில் இருக்கிறார். பின்னால் வண்டி உறுமிக்கொண்டிருந்தது.

"உக்காந்து பாக்கற வேலையா கண்ணு?"

"ஆமாங்கப்பா."

"நெசமா உக்காந்தா?"

"நாற்காலி தருவாங்கப்பா."

"அப்பப் போ."

எங்கள் வீட்டில் இதுவரை யாரும் உட்கார்ந்து சம்பாதித்ததில்லை.

ஆக, ஜூன் முடிவதற்குள் வாயிலுக்கு ஓர் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். இல்லையென்றால் ஆயிரத்துச் சொச்சம் பேர் அனுப்புவதெல்லாம் மூடிய கதவுக்கு வெளியே கிடக்கும்.

மே 26

"வாயிலுக்குத் தன்னார்வலர் தேவை. தினமும் ஒரு மணி நேரம்" என்று அறிவிப்புப் போட்டேன். நாற்பது பேர் கைகூப்பிய சின்னம் போட்டார்கள். ஆனந்தி "அருமை". வேறு ஒன்றும் இல்லை.

மே 30

சண்முகவேல் என்று ஒருவர் தினமும் ஒரு சைக்கிள் வரைந்து அனுப்புவார். சைக்கிளைத் தவிர எதுவும் வரைவதில்லை. இன்றைக்கு வந்தது ரேஷன் கடைச் சுவரில் சாத்தி வைத்த சைக்கிள். மண்ணெண்ணெய் கேன் மாட்டியிருந்த பக்கமாக லேசாகச் சாய்ந்திருந்தது. ஒரு பின்னூட்டமும் வரவில்லை. அவர் எனக்கு மட்டும் எழுதினார்: "வாயில் அவர்களுக்கு, இன்றைய சைக்கிள் வந்து சேர்ந்ததா?"

"சேர்ந்தது" என்று பதில் போட்டேன். நன்றாக இருக்கிறது என்று சேர்த்து எழுதி, பிறகு அழித்துவிட்டேன். வாயில் கருத்துச் சொல்லக் கூடாது.

ஜூன் 2

அமுதோன் 'விலகல் வாரம்' அறிவித்துவிட்டார். சிறந்த மூன்று விலகல் கடிதங்களுக்குச் சான்றிதழ். ஒரே நிபந்தனை: தன்னார்வலராக இருப்பவர்தான் விலக முடியும்.

ஜூன் 4

தன்னார்வலராகச் சேர பதினோரு விண்ணப்பங்கள்! அம்மாவிடம் ஓடிப் போய்ச் சொன்னேன். என்ன ஏது என்று கேட்காமலே இன்னொரு தோசை ஊற்றினாள்.

தோசையைத் தின்றுவிட்டுத் திறந்து பார்த்தேன். பதினொன்றிலும் விலகல் கடிதம் இணைத்திருந்தார்கள்.

ஒருவர் கேட்டிருந்தார்: "சேரும் தேதியும் விலகும் தேதியும் ஒன்றாக இருக்கலாமா?" இன்னொருவர்: "இடையில் வேலை ஏதும் செய்ய வேண்டுமா? என் கடிதத்தில் 'ஓய்வறியா உழைப்பு' என்று வருகிறது. பொய்யாகிவிடக் கூடாது பாருங்கள்."

ஜூன் 10

விலகல் வாரம் தொடங்கிவிட்டது. குழுமத்தில் சேராத ஒருவரும் விலகியிருக்கிறார். பெண்டாட்டிக்குச் சொல்ல வேண்டியதை ஒருவர் எங்களுக்கு எழுதியிருக்கிறார் என்று சந்தேகம். அனுமதித்தேன். கவிதை அனுப்பியவர்கள் எல்லாரும் எதையோ குறுக்கே கொண்டுவந்துவிட்டவர்களைப் போல மன்னிப்புக் கேட்கிறார்கள்.

ஜூன் 13

என் விலகலை எழுதி அனுப்பினேன். முழுவதையும் இங்கே எழுதி வைக்கிறேன்:

"வணக்கம். எனக்கு வேலை கிடைத்துவிட்டது. ஜூலை முதல் தேதியிலிருந்து வாயிலைப் பார்க்க முடியாது. வேறு யாராவது பொறுப்பேற்றால் செய்முறையைச் சொல்லித் தருகிறேன். மேகலா, திருச்செங்கோடு."

பெயரை இரண்டு முறை அழித்துவிட்டுத்தான் போட்டேன்.

ஜூன் 14

"எளிமையின் சிகரம்." "அலங்காரமே இல்லாத அலங்காரம்." "'செய்முறையைச் சொல்லித் தருகிறேன்' என்ற இடத்தில் உடைந்துபோனேன்." மேகலா, திருச்செங்கோடு என்ற புனைபெயரில் மண்வாசனை இருக்கிறது என்று ஒருவர். மழைநேசன்: "நன்று. ஆனால் விலகுவதற்கான காரணம் நம்பும்படி இல்லை."

கீழே நான் எழுதினேன்: "இது போட்டிக்கு இல்லை. நிஜம்."

அதற்குத்தான் அதிகப் பாராட்டு.

ஜூன் 15

இரண்டாம் பரிசு. முதல் பரிசு மழைநேசனுக்கு, நான்காம் விலகலுக்காக. சான்றிதழில் அன்னப்பறவை.

அமுதோனுக்குத் தனியாக எழுதி, உண்மையாகவே போகிறேன் என்று விளக்கினேன். உடனே பதில் வந்தது: "உங்கள் விலகலைப் பெருமையோடு ஏற்கிறேன். வாயிலில் நிறையப் படைப்புகள் காத்திருக்கின்றன, நாளைக்குள் பார்த்துவிடுங்கள்."

பார்த்துவிட்டேன்.

ஜூன் 18

உறுப்பினர் விவரத்தில் எல்லாருடைய தொலைபேசி எண்ணும் இருக்கிறது. இத்தனை வருடத்தில் யாரும் யாரையும் அழைத்ததில்லை. எழுதுகிறவர்களை அழைப்பது மரியாதை இல்லை என்று ஓர் எண்ணம். எனக்கு அந்த எண்ணம் ரொம்ப வசதியாக இருந்தது. கேஸ் சிலிண்டர் பதிவு செய்யக்கூட நான் அம்மாவைப் பேசச் சொல்பவள்.

கிரைண்டர் ஓடும் நேரமாகப் பார்த்துக் கொல்லைப்புறம் போய் மழைநேசனை அழைத்தேன். அவர் கும்பகோணத்தில் கல்யாணப் பத்திரிகைக் கடை வைத்திருக்கிறார்.

"மழைநேசன் சாருங்களா?"

கிசுகிசுத்தார். "இருங்க, கஸ்டமர் இருக்காங்க. இங்க யாருக்கும் அந்தப் பேர் தெரியாது… சொல்லுங்க."

"நான் வாயில் பேசறேன் சார்."

"வாயிலா? நான் ரிட்டையர் ஆன பெரியவர்னுல்ல நெனச்சுட்டிருந்தேன்! மேடம், உங்க விலகல் ரொம்ப டச்சிங்."

"அது நெசம் சார். நெசமாவே வேலைக்குப் போறேன்."

"அதைத்தான் சொல்றேன். அந்த எஃபெக்ட் எனக்கு வரவே மாட்டேங்குது."

வாயிலைப் பார்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டேன். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டார்.

"ஐயோ, நான்தான் விலகிட்டேனே மேடம்."

ஜூன் 19

ஆனந்தி நல்ல பெண்மணி. "நான் எதையும் படிக்கறதில்லம்மா. பாவம், எழுதிட்டு உக்காந்திருப்பாங்களேன்னு எல்லாத்துக்கும் ஒரு அருமை போட்டுருவேன். காலைல அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிரும்."

வாயில் வேலைக்குப் படிக்க வேண்டும் என்றேன்.

"அது நமக்குச் சரிப்பட்டு வராதும்மா. ஆனா நீ அருமையாப் பேசற."

சண்முகவேலை அழைத்தேன். "நான் வரையணுமே" என்றார். அதற்கு மேல் கேட்கத் தோன்றவில்லை.

ஜூன் 20

ஜெ. ரெஜினா, நாகர்கோவில். எங்கள் குழுமத்தில் தலைப்பெழுத்தோடு சொந்தப் பெயரில் இருக்கும் ஒரே ஆள். எதையும் படைத்ததில்லை. எப்போதாவது ஒரு வரி எழுதுவார்: "இக்கதையில் அண்ணன் முதல் பத்தியில் இறந்துவிட்டான். நான்காம் பத்தியில் சாப்பிடுகிறான்." பதில் சொல்ல மாட்டார்கள். எல்லாரும் அவரைக் கொஞ்சம் அநாகரிகமானவர் என்று நினைத்தார்கள். நானும்தான்.

அழைத்தபோது பின்னால் துப்பாக்கிச் சத்தம்.

"பயப்படாதே பிள்ளே, படம் ஓடுகு. நான் தியேட்டர்ல டிக்கெட் குடுக்கேன். சொல்லு."

சொன்னேன். நடுவில் நிறுத்தாமல் முழுவதையும் சொன்னது எனக்கே ஆச்சரியம்.

"அப்ப உன் லெட்டர் உள்ளதுதானா? எனக்கு அப்பமே தோணிச்சு. விலகுகேன்னு சொல்லிட்டு செய்முறை சொல்லித் தாறேன்னு எவன் எழுதுவான்?"

"நீங்க பாத்துக்கறீங்களா?"

"அஞ்சு வருசமா இந்தக் குழுமத்துல கெடக்கேன். ஒருத்தராவது என்கிட்ட செய்வியான்னு கேட்டதுண்டா? ஊருக்கே அறிவிப்பு ஒட்டுவிய. ஊருக்குச் சொன்னா எனக்குச் சொன்னதா?"

"இப்பக் கேக்கறனுங்க."

"ஒரே ஒரு சந்தேகம். நாளைக்கு எனக்கு முடியாமப் போனா, லெட்டர் எழுதணுமா?"

"வேண்டாமுங்க."

"அப்ப செய்யேன். படம் உள்ள ஓடிட்டிருக்க நேரம் சும்மாதானே இருக்கேன்."

போனை வைத்துவிட்டுப் பார்த்தால் கிரைண்டர் எப்போதோ நின்றிருந்தது. அம்மா வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள்.

"நீயா அம்மிணி இத்தன நேரம் பேசுன?"

ஜூன் 23

ரெஜினா அக்கா பொறுப்பேற்ற முதல் நாளே பாதிப் படைப்புகளைத் திருப்பி அனுப்பிவிட்டார். காரணத்தோடு. "நிலா இரண்டு முறை உதிக்கிறது." "இந்த அம்மா ஏன் அழுகிறாள் என்று எழுதியவருக்காவது தெரியுமா?" மழைநேசனின் ஐந்தாம் விலகலுக்கு: "மே மாதம் வந்த அதே கடிதம். அரைப் பக்கத்துக்கும் மேல்."

விலகலையே ஏற்காத குழுமம் உலகில் உண்டா என்று மழைநேசன் கொதித்தார். அமுதோன் எனக்கு மூன்று கேள்விக்குறி மட்டும் அனுப்பினார். விலகிவிட்டேன் என்று பதில் போட்டேன்.

ஜூன் 25

கோபத்தில் மழைநேசன் ஒரு கவிதை எழுதியிருக்கிறார். நின்றுபோன கல்யாணத்துக்கு அச்சடித்த பத்திரிகைக் கட்டு கடையில் கிடப்பது பற்றி. எட்டே வரி. ரெஜினா அக்கா ஒன்றும் சொல்லாமல் உள்ளே விட்டார். கீழே சண்டை நடக்கிறது. கவிதையைப் பற்றிய சண்டை. ஆனந்தி "அருமை".

ஜூன் 28

பெட்டி கட்டினேன். இரண்டு சுடிதாரை அம்மா தன் கையால் மடித்தாள், நான் மடித்ததைப் பிரித்துவிட்டு.

இப்போது நான் தன்னார்வலர் இல்லை. சும்மா ஒரு அரைப் பக்கம் அனுப்பிப் பார்த்தேன். அப்பா போன சித்திரையில் எட்டு மாதம் கழித்து ஊருக்கு வந்தபோது, நேராக வீட்டுக்குள் வராமல், கையில் ஒரு பாத்திரத்தோடு அம்மாவிடம் மாவு வாங்க நின்ற பெண்கள் வரிசையில் கடைசியாக நின்றது. அம்மா நிமிர்ந்து பார்க்காமலே மாவை ஊற்றியது. அவ்வளவுதான். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜூன் 29

திருப்பி அனுப்பிவிட்டார்.

"மூன்றாம் வரி. வீட்டுக்குள் போகாத மனிதர் கையில் பாத்திரம் எப்படி வந்தது? ரெஜினா."

இந்த அக்காவுக்கு வாயிலைத் திறந்துவிட்டதே நான். ஒரு வார்த்தை நன்றாக இருக்கிறது என்று சொல்லக் கூடாதா? மதியம் வரை யாரோடும் பேசவில்லை. சாப்பிட்டுவிட்டு மறுபடி படித்தேன். பாத்திரம் எப்படி வந்தது என்று எனக்கும் தெரியவில்லை.

ஜூன் 30

'டீக்கடையில் இரவல் வாங்கிய பாத்திரத்தோடு' என்று திருத்தி அனுப்பினேன். பதில் வருவதற்குள் கிளம்ப வேண்டும். போனை அம்மாவிடம் கொடுத்து, பச்சை பட்டன், சிவப்பு பட்டன் சொல்லிக் கொடுத்தேன்.

ஜூலை 1

உள்ளே வந்துவிட்டேன். நாற்காலி இருக்கிறது. சுழல்கிறது.

ஜூலை 6, ஞாயிறு

தொலைபேசிக்கு நீள வரிசை. தலைக்கு ஐந்து நிமிடம். காவலர் மாதையன் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி பக்கத்திலேயே நிற்கிறார்.

"சாப்ட்டியா அம்மிணி? அந்த நாகர்கோயில்காரி கூப்ட்டாளாக்கும். நீ எழுதுனத படிச்சே காட்டுனா."

"முழுசுமா?"

"முழுசும். உங்கப்பனப் பத்தியெல்லாம் எழுதியிருக்கற. மூணாவது வரி இன்னும் சரியில்லயாமா. மாவு வாங்கறதுக்கு எந்த டீக்கடைக்காரன் பாத்திரம் குடுப்பான்னு கேக்கறா. எனக்கும் அந்த எடத்துல சிரிப்பு வந்துருச்சு."

"அப்பறம் ஏதும்மா அந்தப் பாத்திரம்?"

அம்மா கிரைண்டரை நிறுத்தும் சத்தம் கேட்டது.

"அது ராய்ப்பூர்ல வாங்குனது. எனக்குன்னு. கையில குடுக்கறதுக்கு மனுசனுக்குக் கூச்சம். அதான் வரிசையில வந்து நின்னுச்சு. நான் மாவு ஊத்துன வரைக்கும்தான் நீ பாத்துருக்கற. மாவு ஊத்துன பாத்திரத்த வாங்காமயே உள்ள போயிருச்சு."

மாதையன் கடிகாரத்தை என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"என்னம்மா, பாத்திரம் பாத்திரம்னுட்டு? இங்கேர்ந்து வெளிய எதும் சொல்லப்படாது தெரியுமில்ல?"

"கதைங்க" என்றேன். "ஒரு வரி மாத்தோணும். அவ்வளவுதான்."

"அவ எழுதிக்கறாளாம்" என்றாள் அம்மா. "நீ சொன்னாத்தான் மாத்துவாளாம். சொல்லு, நான் அப்பிடியே மனசுல வெச்சுக்கறேன்."

வரிசையில் எனக்குப் பின்னால் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள். போனைக் கையால் மறைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னேன்.

"கேக்கல அம்மிணி. சத்தமாச் சொல்லு. தப்பாச் சொன்னா அவ மறுபடியும் திருப்பிருவா."

நிமிர்ந்து நின்று சத்தமாகச் சொன்னேன்.

"ராய்ப்பூரில் அவளுக்காக வாங்கிய பாத்திரத்தை, கொடுக்கத் தெரியாமல், நான்கு பெண்களுக்குப் பின்னால் நீட்டிக்கொண்டு நின்றார்."

அம்மா ஒரு வார்த்தை பிசகாமல் திருப்பிச் சொன்னாள். நேரம் முடிந்துவிட்டது. போனை வைத்தேன்.

மாதையன் அடுத்த ஆளைக் கூப்பிடவில்லை.

"அந்தம்மா வாங்கிக்கிச்சா?" என்று கேட்டார்.